‘என்கிற’

தாத்தா பெயர் பத்திரத்தில் சின்னப்பையன், பட்டாவில் சின்னையன். ரெண்டும் ஒரே ஆள்தான்னு சின்னசேலத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது. அப்பா ஒன்றரை வருசம் அலைந்தார். “பேரு வேறயா இருக்கேங்க” என்பதே பதில்.

அப்போதுதான் பிளாக்செயின் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். 2008இல் பிட்காயினோடு பிரபலமான யோசனை. ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் முந்தைய தொகுதியின் கைரேகை போல ஓர் எண்ணைச் சுமக்கும். நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் வருபவை காட்டிக்கொடுத்துவிடும். ஜார்ஜியா நாடு 2016இல் நிலப்பதிவுக்கு இதை எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது.

நமக்கு இது புதுசு இல்லை. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லாவற்றையும் கோத்து ஒரே வளையம், அதில் சோழ முத்திரை. ஏட்டை உருவவோ செருகவோ வளையத்தை உடைத்தாக வேண்டும்.

ஆனால் வளையம் பாதி வேலைதான். பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கு திசையிலும் எது எதுவரை என்று ஏட்டுக்குள் விரிவாக எழுதினார்கள். வளையம் எழுத்தைக் காத்தது. எல்லை விவரம் பொருளைக் காத்தது.

கணினிக்குப் பொருளைச் சொல்லித்தரும் முயற்சியும் உண்டு. டிம் பெர்னர்ஸ் லீ 2001இல் முன்வைத்த சொற்பொருள் வலை அதுதான். ‘இவர் – மகன் – இன்னார்’ என்பதுபோல மும்மூன்று உறுப்புகளாக உறவுகளை எழுதிவைப்பது. இங்கே பட்டா வருவாய்த் துறையிடம், பத்திரம் பதிவுத் துறையிடம். ரெண்டுக்கும் நடுவே அந்த உறவைச் சொல்ல ஆள் வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? சங்கிலி தப்பையும் பத்திரமாகக் காக்கும். இங்கிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. தலைமுறையாக உழுதும் காகிதம் இல்லாதவர்கள் அங்கே உண்டு. முதல் தொகுதியில் பெயர் ஏறாதவருக்கு, அழிக்க முடியாத பதிவேடு என்பது அழிக்க முடியாத பூட்டு.

எங்கள் சிக்கலைத் தீர்த்தது பக்கத்து நிலத்துக்காரரின் பழைய பத்திரம். அதன் எல்லை விவரத்தில் எழுதியிருந்தது: ‘சின்னையன் என்கிற சின்னப்பையன் நிலத்துக்கு மேற்கு.’

‘என்கிற.’ அந்த ஒரு சொல்லை அப்பா விரலால் தடவிப் பார்த்தார்.