ஜம்மா அடாப்டர்

ஜம்மா அடாப்டர் என்பது, ஜம்மா சீர்தரம் தோன்றுவதற்கு முன் தயாரிக்கப்பட்ட ஆர்கேட் விளையாட்டு மின்சுற்றுப் பலகைகளை அச்சீர்தரப்படி கம்பியிடப்பட்ட பெட்டிகளில் இயக்க உதவும் மாற்று இணைப்பி ஆகும். இதன் ஒரு முனை பெட்டியின் 56 முனை இணைப்பியினுள் செருகப்படும். மறுமுனையில் பழைய பலகை பொருத்தப்படும். சில அடாப்டர்களில் இவ்விரண்டிற்கும் இடையே கம்பிகள் மட்டுமே இருக்கும். வேறு சிலவற்றில் ஒலிபெருக்கிச் சுற்று, காட்சிக் குறிகையைத் திருத்தும் சுற்று போன்றவையும் இடம்பெறும்.

பின்னணி

1970களிலும் 1980களின் முற்பாதியிலும் நாணயம் இட்டு விளையாடும் பொறிகளைத் தயாரித்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் விருப்பப்படி கம்பியிடல் முறையை அமைத்துக்கொண்டன. ஒரே நிறுவனத்தின் இரு விளையாட்டுகளுக்குள்ளேகூட வேறுபாடு இருந்தது. புதிய விளையாட்டு வந்தபோது கடைக்காரர்கள் பழைய பெட்டியின் கம்பிகளைக் களைந்து, புதிய பலகைக்கு ஏற்ப மறுபடியும் பற்றவைத்தனர். இவ்வாறு பெட்டிகள் மாற்றப்பட்டதால் ஏராளமான பழைய பலகைகள் தமக்குரிய பெட்டியை இழந்து தனித்து நின்றன. இன்று சேகரிப்பாளர்களிடம் உள்ள பலகைகளுள் பல இத்தகையவையே.

இச்சிக்கலைத் தீர்க்க, சப்பானியப் பொழுதுபோக்குப் பொறி உற்பத்தியாளர் சங்கம் 1985 ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கம்பியிடல் முறையை வகுத்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே 'ஜம்மா' என்ற பெயராயின. 2012 இல் அச்சங்கம் வேறோர் அமைப்புடன் இணைந்து புதிய பெயர் பெற்றது. எனினும் சீர்தரத்தின் பெயர் மாறவில்லை.

சீர்தரத்தின் அமைப்பு

ஜம்மா இணைப்பியில் பக்கத்துக்கு 28 ஆக மொத்தம் 56 முனைகள் உள்ளன. அடுத்தடுத்த முனைகளுக்கு இடையிலான தொலைவு 3.96 மில்லிமீட்டர். உறுப்புகள் உள்ள பக்கம் எண்களாலும், பற்றாசுப் பக்கம் ஆங்கில எழுத்துகளாலும் குறிக்கப்படும். மின்சாரம், நிலமுனை, காட்சி, ஒலி, நாணயப் பெட்டி, இரு விளையாட்டாளர்களின் பிடிகள், ஆளுக்கு மூன்று பொத்தான்கள் ஆகிய யாவும் இவ்விணைப்பி வழியாகவே செல்கின்றன.

ஏழாம் முனையில் தொடர்பு எதுவும் இல்லை. அவ்விடத்தில் இணைப்பியில் ஒரு சிறு தகடும் பலகையில் அதற்கேற்ற வெட்டும் இருக்கும். இத்தகடு விழுந்துபோன பெட்டிகள் உண்டு. அவற்றில் பலகையைத் தலைகீழாகச் செருகினால் ஐந்து வோல்ட்டு செல்ல வேண்டிய முனைகளுக்கு எதுவும் வராது. மாறாக, 12 வோல்ட்டு இரண்டாம் பொத்தானுக்குரிய பாதையில் ஏறிவிடும். ஐந்து வோல்ட்டுக்கென அமைந்த சில்லுகள் அதைத் தாங்கமாட்டா. சில காசு பெறுமதியுள்ள தகடு இல்லாததால் ஒரு பலகையே அழியக்கூடும்.

மின்வழங்கல்

அடாப்டர் அமைப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படுவது மின்வழங்கலே. ஜம்மா பெட்டியின் மின்வழங்கி +5, +12, −5 வோல்ட்டு ஆகிய நேர்மின்னோட்டங்களைத் தருகிறது. பழைய பலகைகள் யாவும் இவற்றை அப்படியே ஏற்பதில்லை. எடுத்துக்காட்டாக, 1980 இல் வெளிவந்த பேக்மேன் பலகைக்கு மின்மாற்றியிலிருந்து மாறுமின்னோட்டம் நேரடியாக வந்தது. அதை நேர்மின்னோட்டமாக்கிச் சீர்படுத்தும் உறுப்புகள் பலகையிலேயே இருந்தன. இவ்வழியில் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்ததால் விளிம்பு முனைகள் சூடேறிக் கருகின. கருகிய முனைகளுடன் கூடிய பேக்மேன் பலகைகள் இன்றும் பரவலாகக் காணப்படுகின்றன. அத்தகைய பலகைக்கு ஐந்து வோல்ட்டு நேர்மின்னோட்டம் தருவதானால், சீராக்கும் பகுதியைத் தாண்டி அளிக்க வேண்டும். டையோடு ஒன்றின் வழியே சென்றால் சுமார் 0.7 வோல்ட்டு குறைந்துவிடும். அக்காலச் சில்லுகள் பெரும்பாலும் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இயங்குமாறு வரையறுக்கப்பட்டவை. ஆகவே இவ்விழப்பு பலகையை முடக்கப் போதுமானது. மின்னழுத்தத்தை மின்வழங்கியில் அன்றிப் பலகையின் சில்லுகளில் அளக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். நீண்ட கம்பிகளும் தேய்ந்த முனைகளும்கூட மின்னழுத்தத்தைக் குறைக்கும்.

எதிர்ம ஐந்து வோல்ட்டு பலரால் புறக்கணிக்கப்படுகிறது. பிற்காலப் பலகைகள் பெரும்பாலானவற்றிற்கு அது தேவையில்லை என்பதால் சில பெட்டிகளில் அக்கம்பியே இருப்பதில்லை. ஆனால் 1981 இன் டிஃபென்டர் போன்ற பலகைகளில் உள்ள 4116 வகை நினைவகச் சில்லுகளுக்கு மூன்று மின்னழுத்தங்களும் வேண்டும். −5 வோல்ட்டு இல்லாத நிலையில் மற்ற இரண்டும் கிடைத்தால் அச்சில்லுகள் பழுதடையலாம். 1978 இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பலகையிலுள்ள இன்டெல் 8080 செயலிக்கும் இதே மூன்று மின்னழுத்தங்களும் தேவை. கணினிக்குரிய மின்வழங்கியைப் பயன்படுத்துவோர் புதிய வகைகளில் −5 வோல்ட்டு நீக்கப்பட்டுவிட்டதை அறிந்திருத்தல் நலம்.

காட்சியும் ஒலியும்

ஜம்மா பெட்டி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று குறிகைகளையும், எதிர்மக் கூட்டு ஒத்தியக்கக் குறிகை ஒன்றையும் எதிர்பார்க்கிறது. கிடை வரி வீதம் சுமார் 15.7 கிலோஏர்ட்சு. பல பழைய பலகைகள் கிடை, செங்குத்து ஒத்தியக்கக் குறிகைகளைத் தனித்தனியே தருகின்றன. இவற்றை ஒரு சாதாரணத் தருக்க வாயில் சில்லு கொண்டு ஒன்றாக்கலாம். நின்டெண்டோவின் டாங்கி காங் (1981) பலகையில் சிக்கல் வேறு. அதன் நிறக் குறிகைகள் தலைகீழானவை. நேரடியாக இணைத்தால் கறுப்புப் பின்னணி வெளிறித் தோன்றும். ஆகையால் அடாப்டரில் குறிகையைத் திருப்பும் சுற்று சேர்க்கப்படுகிறது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் தருவதோ கறுப்பு வெள்ளைக் காட்சி மட்டுமே. அசல் பொறியில் காணப்பட்ட நிறங்கள் திரையின் மேல் ஒட்டிய வண்ணத் தாள்களால் வந்தவை. அவற்றை எந்த அடாப்டரும் தர இயலாது.

ஜம்மா முறையில் பலகையே ஒலியைப் பெருக்கி நேராக ஒலிபெருக்கிக்கு அனுப்பும். டாங்கி காங் பொறியில் ஒலியைப் பெருக்கும் சுற்று திரைப் பகுதியில் இருந்தமையால், இங்கும் ஒரு சிறு சுற்று தேவைப்படும்.

கட்டுப்பாடுகள்

பிடியும் சில பொத்தான்களும் மட்டும் உள்ள விளையாட்டுகளுக்கு இது எளிய பகுதி. டிஃபென்டரில் மேலும் கீழும் மட்டும் அசையும் பிடியோடு ஐந்து பொத்தான்கள் உள்ளன. ஜம்மாவின் இட, வலத் திசை முனைகள் அங்கு வெறுமனே கிடப்பதால் அவற்றைப் பொத்தான்களுக்கு ஒதுக்கலாம். ஆயினும் விளையாடுவோர் அசல் பொறியில் பெற்ற கைப்பழக்கம் குலைந்துபோகும். சென்டிபீட் போன்று உருள்பந்தால் இயங்கும் விளையாட்டுகளுக்குத் தனி இணைப்பி வேண்டும். சீர்தரமும் விரைவிலேயே போதாமற் போயிற்று. 1991 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆளுக்கு ஆறு பொத்தான்களைக் கோரியதால், கூடுதல் பொத்தான்களுக்கெனப் பலகையில் மற்றோர் இணைப்பி வைக்கப்பட்டது.

இயலாத நிலைகள்

அடாரியின் ஆசுடிராய்ட்சு (1979) போன்றவை கோடுகளை நேரடியாக வரையும் வெக்டர் திரைக்காக அமைந்தவை. வரிவரியாகக் காட்டும் சாதாரணத் திரையில் அவற்றை அடாப்டரால் மட்டும் இயக்க முடியாது. பேக்மேன், டாங்கி காங் முதலியவை திரையைச் செங்குத்தாக நிறுத்தி ஆடப்படுபவை. இவற்றுக்குத் திரையைத் திருப்ப இடமளிக்கும் பெட்டி தேவை.

பாதுகாப்பு நோக்கில்

அடாப்டர் கிடைக்காதபோது பலகையின் விளிம்பில் கம்பிகளை நேரடியாகப் பற்றவைப்பதும், விளிம்பையே வெட்டிவிடுவதும் வழக்கத்தில் இருந்தன. அவ்வாறு சிதைந்த பலகையைப் பின்னர் அசல் பெட்டியில் வைப்பது கடினம். அடாப்டரையோ எப்போது வேண்டுமாயினும் கழற்றிவிடலாம். மேலும், 1997 இல் வெளியான மேம் போன்ற போன்மி மென்பொருள்களுக்குத் தேவையான நினைவகத் தரவுகள் இயங்கும் பலகைகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

பொதுவான அடாப்டர்களை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 36 அல்லது 44 முனைகள் கொண்ட ஒரே வடிவ இணைப்பியைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு கம்பியிடலுடன் பயன்படுத்தின. எனவே அடாப்டர் பலகையில் இறுக்கமாகப் பொருந்துவது மட்டும் அது அப்பலகைக்குரியது என்பதற்குச் சான்றாகாது. விளையாட்டின் முனை அட்டவணையுடன் ஒவ்வொரு முனையையும் பல்மானி கொண்டு ஒப்பிட்ட பின்னரே மின்சாரம் தரப்பட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை நிலமுனையும் 12 வோல்ட்டு முனையும் ஆகும்.