வெள்ள விளையாட்டு

ஆபத்தை விளையாட்டாக்கிக்கொள்வது மனிதனின் பழைய வழக்கம். வைகுண்ட ஏகாதசி இரவில் நம் பாட்டிமார் கண் விழித்துப் பரமபதம் ஆடினார்கள். பாம்பு கடித்தால் சறுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாம்புக்கு ஓர் அசுரன் பெயரோ, பாவத்தின் பெயரோ உண்டு. ஏன் விழுந்தோம் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும்.

1986-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'தாகேஷியின் கோட்டை' வந்தது. தடை தாண்டி ஓடிச் சேற்றில் விழுந்தவர்களைக் கண்டு உலகம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் வாரிசுதான் 2020-ல் லண்டனில் மீடியாடானிக் நிறுவனம் செய்த 'ஃபால் கைஸ்'. 2022-ல் அது இலவசமாயிற்று; 2024-ல் கைபேசிக்கும் வந்தது. அதில் ஓர் ஆட்டத்தில் ரோஜா நிறக் குழம்பு வெள்ளம்போல் ஏறிவரும். முந்தி ஏறாதவன் தொலைந்தான். இலவசம் என்றால் தர்மம் அல்ல. பொம்மைக்குச் சட்டை விற்றுக் காசு பார்க்கிறார்கள்.

ஜேடர்பாளையம் படுகை அணைக் கரையில் பையன்கள் இப்படியோர் ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கப் பார்த்தேன். "செத்தேன்டா!" என்று கூவியவன் மறு நிமிஷமே பிழைத்து ஓடினான். பக்கத்திலேயே காவிரி. ரக்தாக்ஷி வருஷம், 1924 ஜூலையில், கரை கடந்து ஊர்களைச் சூறையாடிய அதே காவிரி. அடுத்த ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கி, 1934-ல் முடிந்தது. ஆற்றின் ஆவேசத்துக்கு ஒரு கடிவாளம் விழுந்தது. சுழலும் வழுக்குப் பாறையும் போய்விடவில்லை.

பிள்ளைகள் ஆடட்டும். பயத்தை விளையாட்டாகப் பழகுவது நல்லதே. ஆனால் எங்கே ஆழம், எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதைப் பரமபதப் பாட்டிபோல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். ஆற்றில் மறு ஆட்டம் கிடையாது.