லெஸ்டர் நகரத்தின் நன்றிக்கடன்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர் நகரில் காற்பந்தாட்டம் ஒன்று முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெஸ்ட் ஹாம் குழுவோடு ஆடிய அவ்வாட்டம் ஒன்றுக்கு ஒன்று என்ற சமநிலையில் முடிந்தது. கழகத்தின் தலைவர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா, தம் வழக்கப்படி, திடலின் நடுவட்டத்தில் வந்திறங்கிய ஹெலிகாப்டரில் ஏறிப் புறப்பட்டார். அரங்கின் கூரையைக் கடந்த சில நொடிகளில் அது கட்டுப்பாடிழந்து, அருகிலிருந்த வாகன நிறுத்துமிடத்தின் பக்கம் வீழ்ந்து தீப்பற்றியது. அவரும் உடனிருந்த நால்வரும் மாண்டனர். வால்விசிறியின் பேரிங் சிக்கிச் செயலற்றுப் போனதே காரணம் என்றும், விமானியால் அதனை மீட்டிருக்க இயலாது என்றும் விமான விபத்து ஆய்வாளர் 2023இல் அறிக்கை தந்தனர்.

மறுநாள் விடியுமுன்பே மக்கள் மலர்களோடு வரத் தொடங்கினர். அரங்கின் வெளிச்சுவரை ஒட்டி நீலநிறச் சட்டைகளும் கழுத்துத் துணிகளும் மலர்க்கொத்துகளும் குவிந்தன. அக்குவியலின் நடுவே யாரோ ஒருவர் பிள்ளையாரின் படத்தை வைத்துச் சென்றார். பௌத்தரான ஒரு தாய்லாந்துச் செல்வருக்கு, ஆங்கிலேயரின் விளையாட்டரங்கு வாயிலில், இந்துக் கடவுளின் படம்! லெஸ்டரை அறியாதார்க்கு இது புதுமையாகத் தோன்றலாம்; அறிந்தார்க்கு வியப்பில்லை.

1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் தொண்ணூறே நாளில் வெளியேறப் பணித்தபோது, லெஸ்டர் நகராட்சி அந்நாட்டின் நாளேடு ஒன்றில் விளம்பரம் வெளியிட்டது. எங்கள் நகரில் இடமில்லை, வேறெங்கேனும் செல்லுங்கள் என்பதே அதன் சாரம். ஆயினும் அவர்கள் வந்தனர், பெரும்பாலோர் குசராத்தியர். பின்னாளில் பெல்கிரேவ் சாலையில் நடைபெறும் தீபாவளி விழாவே அந்நகருக்குப் பெருமையாயிற்று. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகர மக்களில் நூற்றுக்கு நாற்பத்து மூவர் ஆசிய வழியினர். வந்தாரை முதலில் ஐயுற்றுப் பின்னர் ஏற்றுக்கொண்ட ஓர் ஊர் அது. தாய்லாந்துச் செல்வர் ஒருவரையும் அவ்வூர் முதலில் ஐயத்தோடுதான் நோக்கிற்று.

அந்த ஐயம் காரணமற்றதன்று. 1884இல் தோன்றிய அக்கழகம் நெடுங்காலம் முதல்நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே ஊசலாடி வந்தது. 2002இல் புதிய அரங்கிற்குக் குடிபெயர்ந்த கையோடு கடனில் மூழ்கி நொடித்தது. உள்ளூரில் பிறந்த ஆட்டக்காரர் கேரி லினெக்கர் முதலியோர் கூடி அதனைக் காத்தனர். 2008இல் தன் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் நிலைக்கு வீழ்ந்து, ஓராண்டில் மீண்டது. இந்நிலையில்தான் 2010 ஆகஸ்டில் விச்சாயும் அவர் கூட்டாளிகளும் ஏறத்தாழ 39 மில்லியன் பவுனுக்குக் கழகத்தை வாங்கினர். அடுத்த ஆண்டு அவர் தலைவரானார்.

விச்சாய் 1958இல் பிறந்தவர். 1989இல் தொடங்கிய கிங் பவர் என்னும் தீர்வையற்ற கடைகளின் உரிமையாளர். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் விற்பனை உரிமை அவர் செல்வத்தின் ஊற்றுக்கண். ஒரே நிறுவனம் அவ்வுரிமையைக் கையில் வைத்திருந்தது பற்றித் தாய்லாந்திலேயே கடுமையான குறைகூறல் எழுந்ததுண்டு. ஸ்ரீவத்தனபிரபா என்ற குடும்பப் பெயர் மன்னர் பூமிபோல் வழங்கியது. ஸ்ரீ, வர்த்தனம், பிரபை என்று பிரித்துப் பார்த்தால் தமிழ்ச் செவிக்கும் அது அயற்பெயரன்று.

அயல்நாட்டுச் செல்வர் கழகத்தை வாங்கினால் என்னவாகும் என்பதற்கு மலேசிய வாசகர் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. வேல்சு நாட்டின் கார்டிஃப் கழகம் நீலப்பறவைகள் என்று பெயர் பெற்றது. அதன் உரிமையாளரான மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். சிவப்பு நற்பேற்றின் நிறம் என்பது எண்ணம். கழகத்திற்குப் பெரும்பொருள் ஈந்தவரே எனினும், அந்நிறமாற்றத்தை இரசிகர் பொறுத்தாரில்லை. 2015 சனவரியில் நீலம் மீண்டது. லெஸ்டரில் அரங்கின் பெயர் கிங் பவர் ஆயிற்று. ஆனால் சட்டையின் நீலத்தையும் மார்பிலிருந்த நரிச் சின்னத்தையும் விச்சாய் தொடவில்லை. அவர் செய்த நற்செயல்களை எண்ணும்போது, செய்யாது விட்ட இதனையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

2013இல் கழகம் தம் நிறுவனத்திற்குத் தரவேண்டிய 103 மில்லியன் பவுன் கடனை அவர் பங்காக மாற்றிவிட்டார். கடன் என்னும் கயிறு கழகத்தின் கழுத்திலிருந்து நீங்கிற்று. 2014இல் குழு முதல்நிலைக்கு உயர்ந்தபோது, மூன்றாண்டுகளில் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவோம், அதற்கு 180 மில்லியன் பவுன் செலவிடவும் ஆயத்தம் என்றார். ஊரார் நகைத்தனர். அடுத்த பருவத்தில் 140 நாள் பட்டியலின் அடியிலேயே கிடந்த குழுவைக் கண்டு அந்நகைப்பு மிகுந்தது. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பியது. அதன்பின் வந்த 2015-16 பருவத்தைப் பற்றிக் காற்பந்து அறிந்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர் விலை குறித்த குழு, 81 புள்ளிகளோடு, அடுத்த குழுவைப் பத்துப் புள்ளி பின்தள்ளி வாகை சூடியது. தலைவர் சொன்னது முதல் ஐந்து. ஆட்டக்காரர் தந்தது முதலிடம்.

ஆனால் லெஸ்டர் இரசிகர் அவரை நினைவுகூரும்போது முதலில் சொல்வது கோப்பையை அன்று. பிறந்தநாளில் இருக்கைதோறும் வழங்கிய பியரையும் டோனட்டையும் சொல்கின்றனர். அறுபதாம் அகவை நிறைந்தபோது அறுபது பேருக்கு ஆண்டுச் சீட்டு இலவசமாக அளித்ததைச் சொல்கின்றனர். குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர் ஈந்த இரண்டு மில்லியன் பவுனையும், பல்கலைக்கழக மருத்துவத் துறைக்கு அளித்த ஒரு மில்லியனையும் சொல்கின்றனர். பெருஞ்செல்வர் ஒருவருக்கு ஒரு குவளை பியர் எம்மாத்திரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சீட்டு வாங்கியவனை வாடிக்கையாளன் என்றே நோக்கும் கழகங்கள் மலிந்த நாட்டில், அந்தக் குவளை விருந்தோம்பலாகத் தோன்றிற்று என்பதே விடை.

பூசல்களும் இல்லாமலில்லை. வாகை சூடிய ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரியில், பயிற்றுநர் கிளாடியோ ரனியேரி நீக்கப்பட்டார். இரசிகர் பலர் கண்ணீர் விட்டனர், தலைவரைச் சினந்தனர். 2013-14 பருவத்தில் செலவு வரம்பை மீறியதாக எழுந்த வழக்கில், கழகம் 2018இல் 3.1 மில்லியன் பவுன் செலுத்தி உடன்பாடு கண்டது. பணத்தாலன்றி வேறெதனாலும் அவ்வுயர்வு வரவில்லை என்பாரும் உளர். எனினும் அவரினும் பன்மடங்கு பொருளைக் கொட்டியும் அடித்தட்டிலேயே உழன்ற கழகங்களை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

விபத்துக்குப் பின் முதல் ஆட்டம், ஊழின் கூத்தென, அதே கார்டிஃபில் நிகழ்ந்தது. நவம்பர் 3ஆம் நாள் டெமரை கிரே ஒரே கோலை அடித்தார்; சட்டையைக் கழற்றி உள்ளே எழுதியிருந்த 'குன் விச்சாய்க்காக' என்ற சொற்களைக் காட்டினார். குன் என்பது தாய்மொழியில் மரியாதைச் சொல். நடுவர் விதிப்படி மஞ்சள் அட்டை காட்டினார். குழுவினர் அங்கிருந்தே பாங்காக்கிற்குப் பறந்து இறுதிச்சடங்கில் பங்கேற்றனர். ஒரு வாரம் கழித்துச் சொந்தத் திடலில் பர்ன்லியோடு ஆடுமுன், பல்லாயிரவர் நகர நடுவிலிருந்து அரங்கு வரை நடந்தே வந்தனர். அன்றைய ஆட்டத்தில் கோல் விழவில்லை. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதாகவும் தெரியவில்லை.

தலைமை மகன் ஐயவத்திடம் சென்றது. தந்தை திட்டமிட்ட சீகிரேவ் பயிற்சி மையம் ஏறத்தாழ நூறு மில்லியன் பவுன் செலவில் 2020இல் திறக்கப்பட்டது. 2021 மே 15இல் செல்சியை ஒன்றுக்குச் சுழியத்தில் வென்று, கழகம் முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது. அன்று ஆட்டக்காரர் அணிந்த சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் விச்சாயின் உருவம் இருந்தது. வாயிற்காவலர் காஸ்பர் ஷ்மைக்கல் மகனைக் கைப்பிடித்துத் திடலுக்குள் அழைத்துவந்தார். அதற்குப் பின் வந்தது சரிவு. கொரோனாக் காலத்தில் தீர்வையற்ற கடைகள் வெறிச்சோடின; ஆட்டக்காரர் ஊதியமோ குறையவில்லை. 2023இல் மேலும் 194 மில்லியன் பவுன் கடன் பங்காக மாற்றப்பட்டும், அதே ஆண்டு மே மாதம் கழகம் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2024இல் ஏறி, 2025 ஏப்ரலில் மறுபடியும் இறங்கியது. சொந்தத் திடலில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் ஒரு கோலும் அடியாத வெட்கத்தோடு அவ்விறக்கம் நேர்ந்தது.

அப்பருவத்தில் கூட்டம் நிருவாகத்தை எதிர்த்துக் குரலெழுப்பிற்று. ஒரு மனிதரின் கொடையையும் ஒரு நிறுவனத்தின் வருவாயையும் நம்பி நின்ற கழகம், அவ்விரண்டும் தளர்ந்தபோது எதைப் பற்றி நிற்கும் என்ற கேள்வி இரசிகரிடையே எழுந்தது. தந்தையின் பெயரால் மகனைப் பொறுப்போம் என்றார் ஒருசாரார். தந்தையின் பெயரைக் காக்கவே மகனைக் கேட்கிறோம் என்றார் மறுசாரார். இருசாராரும் தந்தையையே சான்றுக்கு அழைத்தனர்.

விச்சாயின் சிலை 2022 ஏப்ரலில், அவர் வாழ்ந்திருந்தால் அறுபத்து நான்கு அகவை நிறைந்திருக்கும் நாளில், அரங்கின் வெளியே திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2019 அக்டோபரில், விபத்து நிகழ்ந்த இடத்தில் நினைவுத் தோட்டம் ஒன்று அமைந்துவிட்டது. மக்கள் கொணர்ந்து குவித்த அந்த மலர்களை வீணாக்காமல் மக்கவைத்து, அத்தோட்டத்து மண்ணுக்கே எருவாக இட்டிருந்தனர்.