துறைமுகம் கற்பித்த வீட்டுப் பாடம்



வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசு என்றால், “கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்ற பழமொழியைச் சொல்லி, கூட்டுங்கள், துடையுங்கள் என்று அறிவுரை கூறி முடித்துவிடலாம். ஆனால் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டு வேலைக்காட்டுக்கு விரையும் தாய்மார்களிடம் அதையே மறுபடியும் சொல்வதில் என்ன பயன்? ஆகவே இன்று நாம் ஒரு வரலாற்றைப் பார்ப்போம். நமக்கு மிக அருகில், போர்ட் கிள்ளானில் நடந்த வரலாறு அது. துப்புரவு என்றால் உண்மையில் என்ன, அதில் நம் பங்கு எது, பிறர் பங்கு எது என்பதை அது நமக்குத் தெளிவாகக் காட்டும்.

இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைக்கும் ஊருக்கு 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டது. கிள்ளானிலிருந்து இரயில் பாதையும் அங்கே நீண்டது. பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது இந்தத் துறைமுகத்தில்தான்.

துறைமுகம் கட்டிய இடமோ கண்டல் காடும் சேற்று நிலமுமாக இருந்தது. கடல் பொங்கும்போது நீர் உள்ளே வரும். வடியும்போது ஆங்காங்கே தேங்கி நிற்கும். துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே அங்குக் குடியேறிய ஊழியர்களும் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தாரும் ஒருவர்பின் ஒருவராகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் இல்லை. இரயிலை ஓட்ட ஆள் இல்லை. பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கமே எண்ணும் நிலை வந்தது.

அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்ன? சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர். இந்தியாவில் பிறந்து, இந்தியப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நோயாளியைக் கடிக்கும் அனோபிலிஸ் கொசுவே கிருமியைச் சுமந்து சென்று இன்னொருவருக்குக் கொடுக்கிறது என்பது அதன்பின் தெளிவாயிற்று. 1902ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடிப்பு ஒன்று, அதை நடைமுறைப்படுத்துவது மற்றொன்று. அதைச் செய்து காட்டியவர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இந்த இளம் மருத்துவர் 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். மருத்துவமனைக் கட்டில்கள் காய்ச்சல்காரர்களால் நிரம்பி வழிந்தன. மருந்து கொடுத்து அனுப்பினால், சில வாரங்களில் அதே ஆள் அதே காய்ச்சலோடு திரும்பி வந்தார். நோயாளிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கொசு பிறக்கும் நீரையே இல்லாமல் செய்ய வேண்டும் என்று வாட்சன் முடிவு செய்தார்.

அரசாங்கம் அவர் சொல்லைக் கேட்டது. கிள்ளான் நகரைச் சுற்றியிருந்த சதுப்புக் காடு வெட்டப்பட்டது, கால்வாய்கள் தோண்டப்பட்டன. துறைமுகப் பகுதியில் கடல்நீர் உள்ளே வராதபடி கரை எழுப்பி, உள்ளே தேங்கிய நீரை வடித்தார்கள். பலன் என்ன? மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் கிள்ளான் நகரத்தார் 1901ஆம் ஆண்டில் 334 பேர்; 1905ஆம் ஆண்டில் 12 பேர். துறைமுகத்தார் 188 பேராக இருந்தது 11 பேராகக் குறைந்தது. அதே காலத்தில், கால்வாய் வெட்டப்படாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 197 பேரிலிருந்து 353 பேராகப் பெருகினார்கள். மருந்தும் ஒன்றே, மருத்துவரும் ஒருவரே. வேறுபாடு தேங்கிய நீரில்தான் இருந்தது.

மாவட்டத்தின் பிற பகுதிகள் என்றால் என்ன? பெரும்பாலும் அப்போதுதான் பெருகிவந்த இரப்பர்த் தோட்டங்கள். அதாவது, நம் பாட்டன்மார் வாழ்ந்த இடங்கள். புதுக்காட்டை அழித்து இரப்பர் நட்ட தோட்டங்களில் மக்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் மடிந்தார்கள். கூலிகள் அழுக்காக வாழ்கிறார்கள், அதனால்தான் நோய் வருகிறது என்று சொல்வது அந்நாளில் துரைமார்களுக்கு எளிதாக இருந்தது. அந்தப் பழி உண்மையன்று என்பதையும் இந்த வரலாறே காட்டுகிறது.

எப்படி என்று கேளுங்கள். கரையோரத் தோட்டங்களில் காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டியவுடன் மலேரியா குறைந்தது. காரணம், அங்கிருந்த கொசு நிழல் படிந்த சதுப்பு நீரில் பிறப்பது. ஆனால் இன்றைய சுபாங் பகுதியிலிருந்த சீஃபீல்டு தோட்டம் போன்ற மேட்டுநிலத் தோட்டங்களில், காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகியது. ஆராய்ந்து பார்த்தபோது, அங்கே நோய் பரப்பியது வேறொரு வகைக் கொசு என்று தெரிந்தது. அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் முட்டையிடும். லயத்து வீட்டை எவ்வளவு பெருக்கி மெழுகினாலும், அடிவாரத்தில் பளிங்குபோல் ஓடும் ஓடையில் கொசு பிறந்துகொண்டே இருந்தது. ஆகவே ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடித்தார்கள். மற்ற நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய் படலமாகப் பரவியதும் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் இறந்தது.

இங்கே நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கண்ணுக்கு அழகாகத் தோன்றுவது எல்லாம் துப்புரவாகிவிடாது. தெளிந்த நீரிலும் நோய் பிறக்கும். துப்புரவு என்பது பார்வைக்கு மட்டுமன்று. நோய் எங்கே பிறக்கிறது என்று அறிந்து அந்த இடத்தைக் காப்பதே துப்புரவு.

இரண்டாவது உண்மையை 1942ஆம் ஆண்டு கற்பித்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. கால்வாய்களில் மண் தூர்ந்தது, எண்ணெய் தெளிக்க ஆள் இல்லை, மருந்தும் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அடங்கியிருந்த மலேரியா மீண்டும் தலைதூக்கியது. ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று துப்புரவில் எதுவும் இல்லை. வழக்கம் நின்றால் நோய் திரும்பும்.

மருந்து என்றோம் அல்லவா? அது கொய்னா. சின்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. தென் அமெரிக்க மலைகளில் வளர்ந்த அந்த மரத்தை 1860ஆம் ஆண்டளவில் கொண்டுவந்து நட்ட இடங்களில் ஒன்று நம் தமிழகத்து நீலகிரி மலை. ஆகவே இயற்கை மருந்து என்பது வெறும் கதையன்று. ஒரு மரப்பட்டை கோடிக்கணக்கானோர் உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டை எந்த நோயைத் தீர்க்கும், எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று சோதித்து அறிந்த பிறகே அது நம்பத்தக்க மருந்தாயிற்று. எல்லா இலைக்கும் வேருக்கும் அதே அளவுகோல்தான்.

நேயர்களே, மனிதருக்கு மனிதர் பரவும் பழைய மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவுக்குள் தோன்றவில்லை. காட்டுக் குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை மட்டுமே உள்நாட்டில் தொடர்கிறது. ஆனால் இன்னொரு கொசு நம் வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதுதான் டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ். இரத்தக் கசிவோடு கூடிய கொடிய டிங்கி 1962ஆம் ஆண்டு பினாங்கில் முதன்முதலாகக் காணப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

இந்தக் கொசுவுக்குச் சதுப்பு நிலம் வேண்டாம், ஓடையும் வேண்டாம். நாம் குடிக்கப் பிடித்து வைத்த நீர், பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நீர், பழைய டயரில் தேங்கிய மழைநீர், பால் வடியாத மரத்தில் மல்லாந்து கிடக்கும் மங்கு, ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். அன்று வாட்சன் அரசாங்கத்தைக் கொண்டு கால்வாய் வெட்டினார். இன்று நம் குளியலறைத் தொட்டியைத் தேய்க்க எந்த வாட்சனும் வரமாட்டார். அதை நாம்தான் செய்ய வேண்டும்.

அதற்கு நாள் முழுவதும் உழைக்க வேண்டியதில்லை. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை போதும். விடுமுறை நாள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொட்டியையும் வாளியையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். நீரை மட்டும் கொட்டினால் பயனில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குடிநீர்ப் பாத்திரத்தை இறுக மூடுங்கள். டயர், டின், சிரட்டை ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். கூரைத் தாழ்வாரத்தில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமும், வீட்டு ஆண்களிடமும் பகிர்ந்துகொடுங்கள். தாய் ஒருத்தியின் தலையில் சுமத்த வேண்டாம்.

நம் வீட்டு வைத்திய முறைகளைப் பற்றியும் ஒரு சொல். வேப்பிலைப் புகை கொசுவைச் சற்று நேரம் விரட்டும். கைக்குழந்தையும் இளைப்பு நோயாளியும் இருக்கும் அறையில் புகை போடலாகாது. செராய் எண்ணெயைத் தோலில் தடவினால் கொஞ்ச நேரம் கொசு அண்டாது. அலங்காரத் தொட்டியில் சிறு மீன்களை விட்டால் புழுவைத் தின்றுவிடும். இது மிக நல்ல இயற்கை வழி. கஞ்சியும் இளநீரும் காய்ச்சல்காரருக்கு நீர்ச்சத்தைக் கொடுக்கும்.

ஆனால் பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது பேராபத்து. டிங்கியில் காய்ச்சல் தணியும் நாளே அபாய நாளாகலாம். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் குறைந்தபின் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. அது இரத்தக் கசிவை மிகுதியாக்கும்.

இறுதியாக ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் நீர் நம் பொறுப்பு. ஆனால் லயத்துக்குப் பின்னால் உடைந்த சாக்கடையும், வாரக்கணக்கில் அள்ளப்படாத குப்பையும் நம் தாய்மார்களின் சோம்பலால் வந்தவை அல்ல. தோட்டத்து வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் பேணும் கடமையை 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் முதலாளிகள்மீது வைத்திருக்கிறது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்களுக்கு அந்தக் கடமை நகராட்சியிடமும் கட்டட நிர்வாகத்திடமும் இருக்கிறது. நம் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துவிட்டு, அதே கையால் சாக்கடைக்காக ஒரு மனு எழுதிக் கொடுப்போம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்பிப்பது இதற்காகவும்தான்.

மூடப்பட இருந்த ஒரு துறைமுகம் கால்வாயால் பிழைத்தது. நம் வீடு வாரத்துக்குப் பத்து நிமிடத்தால் பிழைக்கட்டும்.