ஜாவா வலைச் செயலிகளில் படிவத் தரவு

வலைப்பக்கப் படிவத்தில் பயனர் நிரப்பும் பெயர், தேதி, மின்னஞ்சல் முதலிய விவரங்களைச் சர்வரில் பெற்று, சரிபார்த்து, பயன்படுத்தும் பணி படிவத் தரவுக் கையாளுதல் எனப்படும். ஜாவாவில் இதற்கு அடித்தளம் சர்வ்லெட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் வெளியிட்ட இந்த நுட்பம், இன்று எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் ஜகார்த்தா சர்வ்லெட் என வழங்குகிறது. ஸ்பிரிங் எம்விசி ஃப்ரேம்வொர்க்கும் இதன் மீதே எழுப்பப்பட்டது.

அனுப்பும் முறைகள்

கெட் முறையில் விவரங்கள் இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் சேர்ந்து செல்லும். தேடலுக்கு இது ஏற்றது. கடவுச்சொல்லுக்கு ஆகாது, முகவரி உலாவியின் வரலாற்றிலும் சர்வரின் பதிவுகளிலும் தங்கிவிடும். போஸ்ட் முறையில் விவரங்கள் கோரிக்கையின் உடற்பகுதியில் செல்லும். கோப்புகளுக்கு மல்ட்டிபார்ட் வடிவம் வேண்டும்; அதைப் பிரித்துப் படிக்கும் வசதி 2009-இல் சர்வ்லெட் 3.0-உடன் வந்தது.

மதிப்புகளைப் படித்தல்

புலத்தின் பெயரைக் கொடுத்தால் கெட்பாராமீட்டர் அதன் மதிப்பைத் தரும். வயதைக் கேட்டாலும் கிடைப்பது எழுத்துச் சரமே. எண்ணாக மாற்றுவது நிரலரின் பொறுப்பு. காலியாக விட்ட உரைப்பெட்டி வெற்றுச் சரமாக வந்து சேரும். டிக் செய்யாத செக்பாக்ஸோ அனுப்பப்படுவதே இல்லை. அதைக் கேட்டால் ‘நல்’ என்னும் இன்மை மதிப்பே கிடைக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரே பெயரில் பல தேர்வுகள் வந்தால் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் அவற்றை வரிசையாகத் தரும்.

தமிழ் உள்ளீடு

யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘அ’ என்னும் எழுத்து 3 பைட்டுகள் கொண்டது. சர்வ்லெட்டில் நெடுங்காலம் இயல்பாக இருந்த ஐஎஸ்ஓ-8859-1 குறியாக்கம் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாகக் கொள்ளும். அப்படிப் படித்தால் ‘அருண்’ என்ற பெயர் பொருளற்ற குறிகளாகிவிடும். முதல் மதிப்பைப் படிப்பதற்கு முன்பே செட்கேரக்டர்என்கோடிங் வழியாக யூடிஎஃப்-8 எனச் சொல்லிவிட வேண்டும். படித்த பிறகு சொல்வதால் பயனில்லை. 2017-இல் வந்த சர்வ்லெட் 4.0 முதல், செயலி முழுமைக்கும் இதை ஒரே இடத்தில் அறிவிக்கலாம்.

பாதுகாப்பு

உலாவியில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்கு உதவுமே தவிர, பாதுகாப்பு ஆகாது. படிவத்தைத் தொடாமலே எவரும் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால் எல்லாச் சோதனைகளையும் சர்வரில் மறுபடி செய்ய வேண்டும். எஸ்க்யூஎல் கட்டளையில் மதிப்பை நேரடியாக ஒட்டாமல் ப்ரிபேர்டுஸ்டேட்மென்ட் வழியாகச் செலுத்துவதும், பக்கத்தில் காட்டுமுன் எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்வதும் இன்றியமையாதவை. போஸ்ட் கோரிக்கை முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே விவரம் இருமுறை பதிவாகாது.