நெய்தல் வீட்டின் முகம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலை கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் ஓடி உப்பளங்களை அடைகிறது. அங்கிருந்து புதுச்சேரி நோக்கித் தெற்கே திரும்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையின் பெரும்பகுதி இச்சாலையின் இடப்புறம் கிடக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இச்சாலையோரம் எழுந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலை நோக்கிய பெரிய கண்ணாடிச் சுவர்கள், வெள்ளையும் நீலமும் பூசிய முகப்புகள், எஃகுக் கம்பி போட்ட மாடிமுகங்கள். இவ்வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் உலகின் வேறெந்தக் கடற்கரையில் வைத்தாலும் பொருந்தும். இந்தக் கரைக்கே உரியது என்று சொல்லத்தக்க ஒன்றும் அவற்றின் வெளிமுகத்தில் இல்லை.

இந்தக் கரையில் மக்கள் வீடு கட்டி வாழத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர்களுடைய வீடுகளின் வெளிமுகம் எப்படி இருந்தது? அது எதை நோக்கி இருந்தது? இவ்விரு கேள்விகளையும் பின்தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

திண்டிவனம் நகருக்குள் இன்று கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் அதுவே. நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்தும்போது வழியில் வரும் கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அதை இன்றைய மரக்காணத்தோடு அறிஞர்கள் அடையாளப்படுத்துகின்றனர். கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா என்னும் துறையும் இதுவே என்பது பலர் கருத்து. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை அவ்வூர்ப் பரதவ மகளிர் விறகாக எரித்ததைப் புலவர் சொல்கிறார். கடல் அங்கே காட்சியாக வரவில்லை, அடுப்புக்கு விறகு தருவதாக வருகிறது.

வீட்டின் வெளிப்புறத்தை அறியக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் போகவேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடிசை ஒன்றை ஒரு கொத்தனின் கவனத்தோடு அவர் விவரிக்கிறார். மூங்கில் கழிகளை வரிசையாக நிறுத்தி, இடையிடையே வெண்ணிறக் கிளைகளைக் கலந்து, தாழை நாரால் கட்டி, மேலே தருப்பைப் புல் வேய்ந்த வீடு. இறப்பு தாழ்ந்தது. முற்றத்தில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கின்றன. அதே புலவர் பட்டினப்பாலையில் புகாரின் செல்வர் வீடுகளுக்கு ஏணிப்படியும் திண்ணையும் இடைகழியும் வைக்கிறார், பரதவர் வீடுகளுக்குத் தாழ்ந்த கூரையும் வலை உலரும் மணல் முன்றிலும் வைக்கிறார்.

இவ்விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு கட்டடக் கொள்கை தெரிகிறது. கூரை தாழ்ந்திருப்பது காற்றுக்காக. புயற்காற்று கூரையின் அடியில் புகுந்தால் அதைத் தூக்கிவிடும். இறப்பு தரையை நெருங்க நெருங்கக் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். ஆணிக்குப் பதில் நாரால் கட்டுவதும் அதற்காகவே. கட்டு நெகிழ்ந்து கொடுக்கும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, அறுந்தால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம். முன்றில் என்பது அலங்கார வெளியன்று. வலை உலர்த்தவும் மீன் பிரிக்கவும் உட்கார்ந்து பேசவும் வேண்டிய தொழிற்கூடம். கடலை வேடிக்கை பார்ப்பதற்கென்று இந்த வீட்டில் ஒரு சாளரமும் சொல்லப்படவில்லை. பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலிருந்து கடலைப் பார்க்கவேண்டிய தேவை என்ன?

*

இது நம் கரைக்கு மட்டும் உரிய மனநிலை அன்று. ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வரை கடற்கரை அச்சத்துக்குரிய இடமாகவே இருந்தது என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கோர்பன் 1988-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் 1750-களில் கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்று எழுதினார். மீனவர் ஊராக இருந்த பிரைட்டனுக்குச் செல்வர்கள் வந்து குவிந்தனர். கடலை நோக்கிய சாளரங்களும் மாடிமுகங்களும் கொண்ட வீட்டு வரிசைகள் அங்கே எழுந்தன. இன்று 'கடற்கரை வீடு' என்று நாம் சொல்லும்போது மனத்தில் எழும் உருவத்தின் பூர்வீகம் அங்கிருக்கிறது. குளிர்ந்த நாட்டில் வெயிலைத் தேடியவர்கள் அமைத்துக்கொண்ட முகம் அது. வெயிலுக்கு ஒதுங்க வேண்டிய நாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது தனிக்கேள்வி.

*

ஓலையிலிருந்து செங்கல்லுக்கு வந்தபோதும் கடலோர வீட்டின் மேனிக்குக் கடலே பொருள் தந்தது. கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசினார்கள். மேற்பூச்சுக்கு மாக்கல் பொடியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் போலப் பளபளக்கும். 'மதராஸ் சுண்ணாம்பு' என்று பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகள் வியந்தது இதைத்தான்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். ஈரத்தோடு வந்த உப்பும் மேலே பூத்து உதிர்ந்துபோகும். ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தால் சுவர் புதிதாகிவிடும். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்திருக்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1750-இல் முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரர்களுக்கு அளித்த கோட்டை அது. பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் அதைச் சிதைத்தனர். ஆனாலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக எஞ்சிய சுவர்கள் உப்புக் காற்றில் இன்றுவரை நின்றுகொண்டிருக்கின்றன.

புதுச்சேரியில் இந்த மரபு இரண்டு முகம் கொண்டது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். 1765-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபின் பழைய தெருக் கோடுகளின்மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. கால்வாய்க்கு மேற்கே தமிழர் வீடுகள்: தெருவோடு ஒட்டிய திண்ணை, அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே முற்றம். தாழ்வாரம் அடுத்தடுத்த வீடுகளில் தொடர்வதால் வழிப்போக்கன் வெயில்படாமல் தெருவைக் கடக்க முடிந்தது. வீட்டின் வெளிமுகம் வீட்டுக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கிழக்கே ஐரோப்பியர் வீடுகள்: உயர்ந்த மதில், அலங்கார வாயில், உள்ளே தோட்டம், மடிப்புப் பலகை போட்ட உயரமான சன்னல்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இவற்றில் பெரும்பாலானவை தம் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டும் ஒரே கட்டடத்தில் சந்திக்கும் இடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. டியூப்ளேயின் துபாஷியாக இருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய பிள்ளை, நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் 1761 ஜனவரியில் காலமானார். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் தமிழ் மரபின் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணியின் காரைத் தூண்கள். எசமானர்களின் பாணியை மாடிக்கு ஏற்றிக்கொண்டாலும் தெருவோடு உறவாடும் தளத்தை அவர் மாற்றவில்லை.

*

நவீனக் கட்டடக்கலை இங்கு வந்தபோதும் இந்தப் பாடத்தை மறக்கவில்லை என்பதற்குக் கோல்கொண்டா சான்று. அரவிந்தர் ஆசிரமத்தின் இந்தத் தங்குவிடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பணியாற்றிவிட்டு ஜப்பானில் தொழில் நடத்தியவர் அவர். பின்னாளில் மரத்தளவாடக் கலைஞராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகஷிமாவும் உடனிருந்து பணியாற்றினார். 1937-இல் வேலை தொடங்கியது. நிஜாமின் அமைச்சர் அக்பர் ஹைதரியின் வழியே வந்த கொடையை நினைவுகூர்ந்தே அதற்கு அந்தப் பெயர்.

இரும்புக்கம்பி இட்ட கான்கிரீட் இந்தியாவுக்குப் புதிதாயிருந்த காலம். ஆயினும் அதன் வெளிச்சுவர் சுவரே அன்று. திறந்து மூடத்தக்க கல்நார்-சிமெண்டுப் பலகைகளின் வரிசை அது. கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த பலகைகளை இடைவெளிவிட்டுப் பரப்பி, வெப்பம் உள்ளே இறங்காமல் செய்தார்கள். உட்சுவர்களுக்குக் கிளிஞ்சல் கலந்த வெள்ளைப் பூச்சு. கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. கடலோ கிழக்கே, சில தெருக்கள் தள்ளி இருக்கிறது. கடலிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டு, காலை வெயிலையும் காட்சியையும் விட்டுவிட்டார் ரேமண்ட்.

*

1950-களுக்குப் பின் சிமெண்டும் கம்பியும் மலிந்தன. காளவாய்கள் அணைந்தன. உப்பு ஊடுருவினால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட இருமடங்குக்கு மேல் இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்து உதிரும். கடலோரத்தில் இருபதே ஆண்டுகளில் வீடுகளின் சன்ஷேடு பெயர்ந்து கம்பி தெரிவதைக் காண்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர்களுக்குக் கட்டித் தரப்பட்டவையும் கான்கிரீட் வீடுகளே. அவற்றின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் கடந்த கரை இது. பெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓலைக்குடிசைக்கே திரும்புங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அக்குடியிருப்புகள் பலவற்றில் முன்றில் இல்லை. வலையை எங்கே உலர்த்துவது என்று வரைபடம் வரைந்தவர் கேட்டிருந்தால் கண்ணகலம் முற்றமாவது கிடைத்திருக்கும்.

இன்னொரு மாற்றம் கரையிலேயே நிகழ்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி இக்கடலோர மணல் அலையோடு வடக்கு நோக்கி நகர்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அம்மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே கரை கரைந்தது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு கோட்டக்குப்பத்துக்குப் போனது. அங்கும் கல் கொட்ட, சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. வலை உலர்ந்த மணலும், பின்னர் வீடுகளும் கடலுக்குள் போயின. ஒருவர் தம் வீட்டின் முன்னால் எழுப்பும் தடுப்புச் சுவர் வடக்கே இருப்பவரின் முற்றத்தைத் தின்கிறது. கடலோரத்தில் வெளிமுகம் தனி மனிதரின் விருப்பம் மட்டுமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

1991-இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடமற்ற பகுதியாக வைத்தது. 2019 அறிவிக்கை, மக்கள்தொகை அடர்ந்த ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. பழைய வலைஞன் சட்டம் ஏதுமின்றியே கடலுக்கும் வீட்டுக்கும் இடையே மணலையும் தாழம்புதரையும் விட்டுவைத்தான்.

கடலோரத்தில் வீடு கட்டுகிற நண்பர்கள் முகப்புக்கு யோசனை கேட்கும்போது நான் சொல்வது சிலவே. தாழ்ந்த இறப்பு வையுங்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். நீண்ட சுவரை வடக்கு தெற்காகத் திருப்புங்கள். தெருப்பக்கம் ஒரு திண்ணை கட்டுங்கள், வழிப்போக்கர் உட்காரட்டும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து நடந்துபோய்ப் பாருங்கள். மணல் மிஞ்சியிருக்கும்வரை அது எல்லோருக்கும் பொதுவான முன்றில்.