கிறிஸ்து பிறப்பு விழாவும் பலகாரத் தட்டும்

திருவருகைக் காலம் தொடங்கியதும் புதுச்சேரியின் கிறிஸ்தவ இல்லங்களில் மூன்று வேலைகள் தொடங்கிவிடுகின்றன. வாசலில் விண்மீன் விளக்கு ஏறுகிறது. வரவேற்பறையில் குடில் எழுகிறது. அடுப்படியில் பலகார மணம் வீசுகிறது. ஆண்டுதோறும் நாம் செய்து பழகிய இவற்றின் பொருளைச் சற்றே சிந்திப்போம்.

குடில்

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், புனித அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு இயேசுவின் பிறப்பை எளிய மக்களின் கண்முன் நிறுத்தினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊருக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றிய திருத்தூது மடலில் கையொப்பமிட்டார்.

நம் வீடுகளில் சிலர் கேழ்வரகை முன்கூட்டியே முளைக்க வைத்துக் குடிலைப் பசுமையாக்குகின்றனர். நள்ளிரவுத் திருப்பலி முடியும்வரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும். வீடு திரும்பிய பின்னரே பாலன் சுரூபத்தைக் கிடத்துவர். பெத்லகேம் என்பதற்கு எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அப்பத்தின் வீட்டில், உணவிடும் தொட்டியில் கிடத்தப்பட்டவரின் விழாவில் உணவுக்குத் தனி இடம் இருப்பது பொருத்தமே.

பலகாரம்

முறுக்கு, அதிரசம், சோமாசி, அச்சு முறுக்கு, கலகலா ஆகியவை தமிழகம் எங்கும் உள்ளவை. புதுச்சேரிக்கே உரியது விவிக்கம் கேக். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, உலர்திராட்சை, பாகில் ஊறிய பழத்தோல் ஆகியவை சேர்ந்தது அது. பழங்களை ரம்மில் பல நாள் ஊற வைப்பர். அவசரத்தில் செய்ய முடியாத பண்டம் அது. காத்திருத்தலின் காலமாகிய திருவருகைக் காலத்திற்கு ஏற்ற பண்டமும்கூட.

தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டிற்கு வந்த தட்டுகள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று நிறைந்து திரும்பிச் செல்கின்றன. இது நம் தெருக்களின் நல்ல பழக்கம்.

ஒன்றும் செய்யாத வீடு

ஆனால், ஒவ்வொரு தெருவிலும் விண்மீன் தொங்காத ஒரு வீடு உண்டு. அந்த ஆண்டில் இறப்பு நேர்ந்த வீடு அது. அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதே நம் முன்னோர் வழக்கம். இன்றோ, 'துக்க வீடு, தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று மரியாதையாக ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகள் பிரான்சில் இருக்க, இங்கே தனித்து வாழும் முதியோரின் வீடும் இத்தகையதே. இருவருக்காக யார் மாவு பிசைவார்கள்?

நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரத்தில், திருச்சட்டத்தைக் கேட்டு அழுத மக்களிடம், அழ வேண்டாம், நல்ல உணவை உண்ணுங்கள் என்று சொல்லப்படுகிறது. அத்துடன், எதுவும் தயார் செய்யாதவர்களுக்கும் பங்கு அனுப்பும்படி கட்டளையிடப்படுகிறது. 'இல்லாதவர்' என்று நாம் ஏழைகளை மட்டுமே எண்ணுகிறோம். செய்ய மனம் இல்லாதவரும், செய்து தர ஆள் இல்லாதவரும் அதில் அடங்குவர்.

புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலும் இப்படியொரு மரபு உண்டு. மூவரசர் திருவிழாவில் 'கலேத்' என்னும் பண்டத்தை வெட்டும்போது, இருப்பவர்களை எண்ணி, அதற்கு மேலும் ஒரு துண்டு வெட்டுவார்கள். எதிர்பாராமல் வரும் ஏழைக்கான பங்கு அது.

இவ்வாண்டு மாவு பிசையும் முன் நாமும் ஒரு பங்கைக் கூட்டி எண்ணுவோம். தட்டை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நாமே எடுத்துச் செல்வோம். வாசலிலேயே திரும்பிவிடாமல், உள்ளே சென்று பத்து நிமிடம் அமர்வோம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். விண்மீன் தொங்காத அந்த வீட்டிலும் அன்று கிறிஸ்து பிறப்பார்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்!